அடுப்படிக்கு ஒரு ஏணி

எங்கள் பழைய கம்பெனி ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. காலையில் பூங்கொத்துப் படம், மாலையில் யாருக்காவது முழங்கால் வலி, நடுவில் அரசியல் சண்டை என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். போன மாதம், இன்னும் வேலையில் இருக்கும் ஒரு தம்பி அதில் ஒரு விளம்பரத்தைப் போட்டிருந்தான். அலுமினியத்தில் மடக்கு ஏணி. பெட்டியில் வைத்து வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்களாம். அதன் கீழே, "ஏணி ஏழுமலை அண்ணே, உங்க கதை முடிஞ்சுபோச்சு" என்று எழுதி, சிரிக்கிற மூஞ்சிகளை வரிசையாக வைத்திருந்தான். இன்னொருத்தன், "அண்ணன் செஞ்சதுலயே பெரிய ஏணி எதுன்னு கேளுங்கடா, எழுதட்டும்" என்று தூண்டிவிட்டான்.

ஏணி ஏழுமலை என்பது நான்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன். இரும்பை வெட்டிப் பற்றவைத்து, மற்ற தொழிற்சாலைகளுக்கு வேண்டிய மேடை, கைப்பிடி, படிக்கட்டு, ஏணி எல்லாம் செய்து கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. மேடைக்கும் படிக்கட்டுக்கும் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஏணி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வயதானவன் அடக்கமாக எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. நான் மாட்டிய ஏணியில் ஒன்றுகூட இன்றுவரை ஆடியதாக யாரும் சொன்னதில்லை. அதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

பெரிய ஏணி எது என்று கேட்டால் ஒரு புகைபோக்கிக்குப் போட்டதைச் சொல்லலாம். அதன் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் பழவேற்காட்டு ஏரி தகடு மாதிரி தெரியும், இன்னொரு பக்கம் ரயில் பாதை தெரியும். ஆனால் அது சுலபமான வேலை. வரைபடம் இருந்தது, ஆள் இருந்தது, கிரேன் இருந்தது. எனக்குத் தண்ணி காட்டிய ஏணிகள் இரண்டே. இரண்டுமே சின்னவை. அவற்றைத்தான் எழுதப்போகிறேன்.

நான் தொழில் பழகிய கதையை நீட்டப்போவதில்லை. ஐ.டி.ஐ. முடித்தேன், வெல்டிங் வெளிச்சத்தில் கண் வீங்கினேன், சட்டையெல்லாம் பொறி பட்டுப் பொத்தலானது. எல்லாருக்கும் ஆகிற கதை அது. எங்கள் ஃபோர்மேன் சுப்பராயலுவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவருக்குப் பள்ளிப்பட்டு. ஆந்திரா எல்லைக்குப் பக்கத்து ஊர் என்பதால் யாரைக் கூப்பிட்டாலும் நைனாதான். கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கி, விடுமுறைக்கு மட்டும் ஊருக்குப் போவார். ஒல்லியான ஆள். குரல் மட்டும் கிரைண்டரையும் மீறிக் கேட்கும். ஏணி ஒன்று முடிந்ததும் பெயிண்ட் அடிக்க விடமாட்டார். முதலில் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டே போவார். பற்றவைத்தது சரியாக இருந்தால் கணீரென்று கேட்கும். உள்ளே காற்று இருந்தாலோ, ஓரம் மட்டும் பிடித்திருந்தாலோ சத்தம் மட்டுப்படும். எனக்கு ஆரம்பத்தில் எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அவர் ஒரு படியில் நின்று திரும்பிப் பார்ப்பார்.

"இத்த யாரு வெல்டு அடிச்சது?"

"நான்தான் சார்."

"அப்ப நீயே ஏறு நைனா. போல்ட்டு மூட்டைய தோள்ல போட்டுக்கினு ஏறு. பெயிண்டு அப்பால பாத்துக்கலாம். பெயிண்டு அடிச்சிட்டா எல்லாமே அழகாத்தான் கீது."

செய்தவன்தான் முதலில் ஏற வேண்டும் என்பது எங்கள் ஷாப்பில் சட்டம் மாதிரி. ஆனால் அதற்கு மேல் அவருக்கென்று ஒரு சோதனை இருந்தது. வேறு எந்தக் கம்பெனியிலும் நான் அதைப் பார்த்ததில்லை. ஏணியைக் கொண்டுபோய் மாட்டிய அன்று, மதியச் சாப்பாட்டை அதன் மேல்தான் சாப்பிடுவார். இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பாதி உயரம் ஏறி, ஒரு காலைப் படிக்குள் மடித்துக் கொடுத்து, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிடுவார். கீழே நாங்கள் வயிறு காயக் காத்திருப்போம்.

ஒருநாள் தாங்காமல் கேட்டேவிட்டேன். "எதுக்கு சார் இந்தப் பேஜாரு? கீழ உக்காந்து சாப்பிடலாம் இல்ல?"

"சோறு துன்னும்போது ஏணி நெனப்பு வந்தா, ஏணி சரியில்லன்னு அர்த்தம். கொழம்புல உப்பு கம்மின்னு நெனப்பு வந்தா, ஏணி சரி."

நல்லா இருக்கு என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கினால் பாஸ். பாதிச் சாப்பாட்டில் இறங்கிவிட்டார் என்றால் அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு, டீ எதுவும் இறங்காது.

முதலாவது சின்ன ஏணி, பக்கத்தில் ஒரு இரசாயனக் கம்பெனியின் தொட்டிக்கு நான் செய்தது. ஏறுகிறவன் முதுகுப் பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க, சுற்றி வளையம் வளையமாகக் கூண்டு வைத்த ஏணி. விதிப்படி கச்சிதமாக இருந்தது. சுப்பராயலு அதில் சாப்பிட்டு முடித்து டப்பாவை மூடிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியிலிருந்து புகார். ஏணி மேல் இல்லை, ஆட்கள் மேல். புது ஏணியை விட்டுவிட்டு, தொட்டிக்குப் பின்பக்கம் போகும் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்களாம். எச்சரிக்கைப் பலகை வைத்தும் கேட்கவில்லையாம். அங்கேயிருந்த அதிகாரி போனில், "ஒழுக்கம் இல்லாத ஆளுங்க" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். என் ஏணி இருக்கும்போது குழாயில் ஏறுகிறவனுக்கு மூளை சரியில்லை என்று சுப்பராயலுவிடம் சொன்னேன்.

"அப்பிடியா? நாளைக்கு ஷாப்புக்கு வராத நைனா. அங்க போய் நில்லு. ஒண்ணும் பேசாத. ஷிஃப்டு முடியிற வரைக்கும் பாத்துக்கினே இரு."

போய் நின்றேன். தொட்டிக்குப் பொறுப்பான ஆபரேட்டர் பெயர் கஜேந்திரன். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். ஏரியில் மீன்பிடித்துக் கொண்டிருந்தவர், பிறகு தொழிற்சாலைக்கு வந்துவிட்டார். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று தினமும் வந்துபோகிறவர். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று மேலே ஏறி அளந்து, ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துக்கொண்டு இறங்குவது அவர் வேலை. அளப்பதற்கு ஒரு ஆளை விட நீளமான கம்பி. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் ஏணியின் அடியில் வந்து நின்றார். ஒருமுறை மேலே பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்க் குழாயைப் பிடித்தார்.

பாதி உயரத்தில் அவருடைய கால் வழுக்கியது. கம்பி தோளிலிருந்து சரிந்து முழங்கை மடிப்பில் மாட்டி நிற்க, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துத் தொங்கினார். எனக்கு உயிரே இல்லை. அவர் காலைத் துழாவி ஒரு வளைவில் வைத்து, மேலே போய், அளந்து, அதே வழியாகச் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"இன்னா தம்பி அப்பிடிப் பாக்குற? இது எப்பவும் நடக்கறதுதான்."

"எங்க ஏணி இருக்குல்ல அண்ணே?"

"உன் ஏணி நல்ல ஏணிதான் தம்பி. ஆனா அது வெறுங்கையோட போறவனுக்கு. நான் இன்னா அங்க காத்து வாங்கவா போறேன்? இந்தக் கம்பிய எடுத்துக்கினு உள்ள பூந்தா வளையம் வளையமா மாட்டிக்கினு நிக்குது."

போய் முயன்று பார்த்தேன். உண்மைதான். கூண்டுக்குள் ஒரு ஆள் போகலாம், கம்பியோடு ஒரு ஆள் போக முடியாது. சுப்பராயலு வெறும் டிபன் பாக்ஸோடு ஏறினார், பாஸ் ஆகிவிட்டது. கம்பியோடு ஏறுகிறவரை நாங்கள் யாருமே கேட்கவில்லை.

ஷாப்புக்கு வந்து சொன்னபோது சுப்பராயலு திட்டவில்லை. கம்பி எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே ஏணியை ஒட்டி நெட்டுக்குத்தாக ஒரு குழாயைப் பற்றவைத்தோம். கஜேந்திரன் கம்பியை அதற்குள் செருகி மேலே தள்ளிவிட்டு வெறுங்கையோடு ஏறலாம். மேலே போய் உருவிக்கொள்ளலாம். பாட்டிலுக்கு ஒரு கயிறும் கொக்கியும். அவ்வளவுதான் வேலை. மாட்டி முடித்த அன்று சுப்பராயலு டிபன் பாக்ஸை என்னிடம் கொடுக்கவில்லை, அவரும் எடுத்துக்கொண்டு ஏறவில்லை. கஜேந்திரன் கையில் கொடுத்தார்.

"நீ ஏறித் துன்னு நைனா. தெனம் ஏறப்போறது நீதான்."

கஜேந்திரன் மேலே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "சாம்பார்ல புளி ஜாஸ்தி" என்று கத்தினார். ஷாப்பில் என்னை எல்லாரும் ஏணி ஏழுமலை என்று கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அந்தக் கம்பெனியில் அதன் பிறகு பின்பக்கக் குழாய் வழியாக யாரும் ஏறவில்லை.

இனி இரண்டாவது ஏணி. இது நான் ஓய்வு பெற்ற பிறகு, மணவாள நகரில், என் வீட்டு அடுப்படியில்.

என் மனைவி தேவகி முறுக்கு சுடுகிறவள். ஆரம்பத்தில் தெருமுனைக் கடைக்கு ஒரு டப்பா கொடுத்தாள். இப்போது கல்யாணம், காதுகுத்து, தீபாவளி என்று ஆர்டர் எடுத்துச் செய்கிறாள். எங்கள் தெருவில் வந்து ஏழுமலை வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. முறுக்கம்மா வீடு என்றால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடும். அன்றாடம் புழங்கும் சட்டி கீழே இருக்கும். ஆர்டர் வந்தால்தான் பெரிய வாணலி, ஜல்லிக்கரண்டி, தகர டப்பாக்கள் எல்லாம் வேண்டும். எங்கள் அடுப்படி ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அளவு. அதனால் அந்தச் சாமான்களுக்குப் பரண்தான் இடம்.

எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் பரணுக்கு வழி என்பது ஒரு ஸ்டூல்தான். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, ஸ்டூலிலிருந்து மேடைக்கு ஒரு கால், அங்கிருந்து எக்கி வாணலியை இழுப்பாள். ஊரெல்லாம் ஏணி போட்டவன் வீட்டில் இப்படியா என்று கேட்பீர்கள். எனக்கு அது கண்ணிலேயே பட்டதில்லை. அவள் பாட்டுக்கு ஏறுவாள், இறங்குவாள்.

ஒருநாள் நான் டீக்கடையில் இருந்தபோது விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வாணலி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. திருவள்ளூரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம்.

எங்கள் மகள் சங்கீதா அம்பத்தூரில் இருக்கிறாள். அடுத்த ரயிலில் வந்து இறங்கினாள். அழுதாள், திட்டினாள், பிறகு முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"போதும்மா. கட்டுப் பிரிச்சதும் ரெண்டு பேரும் எங்க ஊட்டுக்கு வந்துடுங்க. இந்த ஊட்ட வாடகைக்கு வுட்டுடலாம். இன்னும் இன்னாத்துக்கு முறுக்கு சுட்டுக்கினு?"

தேவகி பதில் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சங்கீதா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள். நான் தேவகியோடு குடித்தனம் நடத்தியவன், அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். சங்கீதா போன பிறகு சமாதானமாக ஒரு யோசனை சொன்னேன்.

"வேணும்ன்ற சாமான நான் எடுத்துத் தரேன் தேவகி. நீ ஏறாத. தொழில வுடவும் வேணாம்."

"நீங்க டீக்கடைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருப்பீங்க. நான் மாவைப் பெசஞ்சு வெச்சிக்கினு வாசலப் பாத்துக்கினு நிக்கணுமா? என் சாமான எடுக்க எனக்கு ஒருத்தர் கை வேணும்னா, அப்பால நான் அம்பத்தூருக்கே போறேன்."

இதற்கு மேல் அவள் விளக்கவில்லை. விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. அவளே ஏறி அவளே எடுக்க முடிந்தால் இந்த வீடும் தொழிலும் இருக்கும். முடியாவிட்டால் இரண்டுக்கும் பூட்டு.

சங்கீதா இடையில் ஒரு மடக்கு ஏணியை அனுப்பி வைத்தாள். அந்த வாட்ஸாப் தம்பி போட்டானே, அதே ரகம். அதை விரித்தால் அடுப்படியில் கால் வைக்க இடமில்லை. விரிக்க ஒரு ஆள், பிடிக்க ஒரு ஆள். இப்போது அது மொட்டை மாடியில் துணி காயப்போட உதவுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், துணி நன்றாகக் காய்கிறது.

நான் களத்தில் இறங்கினேன். மணவாள நகரிலேயே இரும்பு கேட், கிரில் செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, என் கையாலேயே வெட்டி, என் கையாலேயே பற்றவைத்தேன். இரண்டு பக்கமும் பைப், நடுவில் உருட்டுக் கம்பிப் படிகள், சுவரோடு நேராக நிற்கும் ஏணி. சுத்தியலால் தட்டினால் அத்தனை படியும் கணீரென்றது. அடுப்படிச் சுவரைத் தட்டித் தட்டி, வெறும் பூச்சு எங்கே, ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் உத்தரம் எங்கே என்று கண்டுபிடித்து, அந்த உத்தரத்தில் துளைபோட்டு ஆங்கர் போல்ட்டை இறக்கினேன். பரண் தளத்தின் ஓரத்தில் துளைபோடுகிறவர்கள் உண்டு. அது மெல்லிய கான்கிரீட், ஓரம் பெயர்ந்து போல்ட்டோடு வந்துவிடும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் மயிரிழை பிசகில்லை. அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நானே ஏறி இறங்கினேன். கடைசியில் தொழிற்சாலை வழக்கப்படி பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட் அடித்தேன்.

தேவகி வந்து பார்த்தாள். "இன்னாங்க இது, ரயில்வே கேட்டு மாதிரி கீது?" என்றாள். கட்டுப் பிரித்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு படி ஏறினாள், இறங்கினாள், "நல்லா கெட்டியாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் சீக்கிரம் வீடு திரும்பினேன். அடுப்படியில் தேவகி நிற்கிறாள். எங்கே? மேடை மேல். ஒரு கால் மேடையில், ஒரு கால் ஸ்டூலில், நல்ல கையால் பரணைத் துழாவிக்கொண்டு. ஒரு முழம் தள்ளி என் மஞ்சள் ஏணி கல்லு மாதிரி நிற்கிறது.

அவளைப் பத்திரமாக இறக்கிவிட்ட பிறகுதான் கத்தினேன். "அறிவு கீதா உனக்கு? நான் வேல மெனக்கெட்டுச் செஞ்சு வெச்சிருக்கேன், நீ திரும்ப ஸ்டூல் மேல ஏறுற?"

தேவகி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். நடுப்பாதத்தில் குறுக்கே சிவந்த கோடு.

"உங்க ஏணி ஷூ போட்டவங்களுக்கு. நான் இன்னா ஷூ போட்டுக்கினா முறுக்கு சுடுறேன்?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு என் ஏணியில் ஏறி நின்றேன். உருட்டுக் கம்பி பாதத்தை அறுத்தது. நான்காவது படிக்குப் போவதற்குள் இறங்கிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஏணி ஏறியதெல்லாம் பூட்ஸ் காலோடுதான். அரிசி மூட்டையோடு ஏறிப் பார்த்தபோதும் தடித்த செருப்புத்தான் போட்டிருந்தேன். வெறுங்காலுக்கு என் ஏணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் தொழிலில் எவனுக்கும் தெரிந்திருக்காது.

அப்போது எனக்குக் கஜேந்திரன் ஞாபகம் வந்தது. காத்து வாங்கவா போறேன் என்று கேட்டாரே, அந்த முகம் அப்படியே கண்முன்னால் வந்தது. கோபம் எல்லாம் வடிந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேவகிக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது, அது வேறு கதை.

அடுத்த நாள் ஒரு நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

"டீக்கடை இல்லியா இன்னிக்கு?"

"இல்ல. நீ வேலையப் பாரு. நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

"பேசாம இருப்பீங்க? பாக்கலாம்."

அவள் வேலை செய்வதை நான் அதுவரை முழுசாகப் பார்த்ததே இல்லை. குனிவதும், திரும்புவதும், முட்டியால் டப்பாவைத் தள்ளுவதும், எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஏறச் சொன்னேன். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் காலை எடுத்து வைத்தாள். நெட்டுக்குத்தான ஏணிக்கு இரண்டு கையும் வேண்டும், அவளிடம் மிச்சம் இருந்தது ஒன்று. வலது கையோ இறுக்கிப் பிடிக்க இன்னும் வரவில்லை. மேலே போனாலும் வாணலியை எடுத்துக்கொண்டு எந்தக் கையால் பிடித்து இறங்குவாள்? என் மஞ்சள் ஏணி அவளுக்கு ஒரு விதத்திலும் ஆகாது. கட்டர் எடுத்து வந்து அன்றைக்கே கழற்றினேன். அது பட்டறைக்காரரிடம் போய், ஒரு மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஏணியாகிவிட்டது. அங்கே அது நன்றாக நிற்கிறது.

புதியதற்கு அளவு எடுத்தது என் டேப் இல்லை, அவளுடைய கால். கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு சிரமம் இல்லாமல் எவ்வளவு உயரம் காலைத் தூக்குகிறாள் என்று சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். நான் நினைத்ததை விட அது தாழ்வாக இருந்தது. தொழிற்சாலை இடைவெளியை மறந்துவிட்டு அந்தக் கோட்டையே படியின் உயரமாக வைத்தேன். படிகள் அகலமான மரப்பலகை. முன் விளிம்பை உருட்டி, உப்புக் காகிதம் போட்டு, என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து வழவழப்பு சரியா என்று முடிவு செய்தேன். மேலே எண்ணெய் பட்டால் வழுக்காமல் இருக்கப் பலகையில் குறுக்கே மெல்லிய பள்ளக் கோடுகள் போட்டேன்.

ஏணி சாய்வாக நிற்க வேண்டும், ஆனால் சாய்வாக நின்றால் அடுப்படியில் இடமில்லை. அதனால் உத்தரத்தில் இருந்த அதே போல்ட்டுகளில் ஒரு பைப்பைப் படுக்கையாக மாட்டி, ஏணியின் தலையில் கொக்கி வைத்து அதில் தொங்கவிட்டேன். வேண்டாதபோது ஒரு பக்கம் நகர்த்திச் சுவரோடு சாத்திவிடலாம். வேண்டும்போது ஒரு கையால் இழுத்தால் சாய்ந்து நிற்கும், அடியில் ரப்பர், தரையைக் கவ்விக்கொள்ளும். கைப்பிடியை இடது பக்கம் வைத்தேன், நல்ல கை அதுதானே. இன்னும் வாணலிப் பிரச்சினை தீரவில்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தேவகிதான் மாவு சலித்துக்கொண்டே சொன்னாள்.

"நடுவுல ஒரு தட்டு வெச்சா இன்னா? மேலேருந்து எடுத்து அதுல வெச்சிட்டு, நான் எறங்கி வந்து கீழ நின்னு எடுத்துக்கறேன். கையில புடிச்சிக்கினு ஏன் எறங்கணும்?"

நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கம்பிக்குக் குழாய் வைத்தோமே, அதே யோசனை. எங்களுக்கு அதற்கு ஒரு ஷிஃப்ட் நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஏணிக்குப் பக்கத்தில், அவள் கைக்கு மேலிருந்தும் எட்டுகிற, கீழிருந்தும் எட்டுகிற உயரத்தில், சுவரில் மடக்குத் தட்டு ஒன்றைப் பொருத்தினேன். வாணலி உட்கார அதில் ஒரு வட்டத் தடுப்பு. பெயிண்ட் வாங்க அவளையே கடைக்கு அழைத்துப் போனேன். அடுப்படிச் சுவரின் நிறத்திலேயே தேர்ந்தெடுத்தாள்.

இந்த முறை முதலில் நான் ஏறவில்லை. மூட்டையும் தூக்கவில்லை. ஓரமாக நின்றுகொண்டேன். அவள் ஏறினாள், நின்றாள், இறங்கினாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொருமுறை ஏறினாள். கீழே வந்ததும் அரிசி ஊறவைக்கப் போய்விட்டாள். எனக்கு என்னவோ பரீட்சை எழுதிவிட்டு முடிவு தெரியாமல் நிற்பது போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கீதா வந்தாள், எங்களை அழைத்துப்போக. அம்மாவின் புடவைகளுக்கென்று ஒரு பெரிய காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். மாப்பிள்ளை அறையைக்கூட ஒழித்து வைத்துவிட்டாராம். மனசார ஆசையோடுதான் வந்திருக்கிறாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தேவகி காபி கொடுத்தாள், சாப்பாடு போட்டாள். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ம்மா, எதெத எடுத்து வெக்கட்டும்?" என்றாள் சங்கீதா.

"இரு. ஒரு கல்யாண ஆர்டர் வந்திருக்கு. வாணலிய எறக்கிட்டு வரேன்."

சொல்லிவிட்டு தேவகி அடுப்படிக்குப் போனாள். ஏணியை ஒரு கையால் இழுத்துச் சாய்த்தாள். கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். சங்கீதா பதறிக்கொண்டு ஓடி ஏணியின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

"ப்பா, இன்னா பாத்துக்கினு நிக்கிற? வந்து புடிப்பா."

நான் நகரவில்லை. தேவகி மேல்படியில் நின்று பரணுக்குள் கையை விட்டாள். வாணலி பரணின் தரையில் உரசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அதைத் தூக்கித் தட்டின் மேல் வைத்தாள். பிறகு அங்கேயே நின்றபடி கீழே பார்த்தாள்.

"சங்கீ, கைய எடு."

"வுழுந்துடுவம்மா."

"உங்கப்பா செஞ்ச ஏணி. யாரும் புடிக்கத் தேவையில்ல."

நான் செய்ததெல்லாம் கும்மிடிப்பூண்டியில் மதில்களுக்கு உள்ளே நிற்கிறது. என் வேலை என்ன, அது எப்படி இருக்கும் என்று என் பெண்டாட்டியும் பிள்ளையும் ஒருநாளும் பார்த்ததில்லை. எத்தனையோ என்ஜினியர்கள் கை குலுக்கியிருக்கிறார்கள், ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், மேடையில் புகழ்ந்தார்கள். அப்போதெல்லாம் வராத பெருமை அந்த நிமிஷம் வந்தது. நெஞ்சு நிமிர்ந்து, ஐந்து வயதுப் பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

சங்கீதா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மெதுவாகக் கையை எடுத்தாள்.